காலித் துப்பாக்கி

பத்து வருஷங்களுக்கு முன்பு ஒரு தீபாவளி மலரில் நான் ஒரு சிறுகதை எழுதினேன். கிராமத்துப் பெரிய வீடு; தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி; ஆயுத பூஜைக்கு மறுநாள், பூஜையிலிருந்து எடுத்த துப்பாக்கியை விளையாட்டாகத் தூக்கிப் பிடிக்கும் பேரன்; எதிரே வந்து நின்ற அவனுடைய தங்கை. மேலே சொல்ல வேண்டியதில்லை. கதையின் கடைசி வாக்கியத்தில் 'விதி' என்ற சொல் வந்தது. கண்ணீர் விட்டதாக வாசகர்கள் எழுதினார்கள். ஒரு நண்பர், "கிரேக்க நாடகம் மாதிரி இருக்கிறது, ஐயா!" என்றார். நானும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியது. "ஐயா அவர்களுக்கு நமஸ்காரம். தங்கள் கதையை வாசித்தேன். என் சம்சாரம் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. துப்பாக்கியில் தோட்டா போட்டது யார்? அதை எடுக்காமல் பூஜையில் வைத்தது யார்? கதையில் எங்கே தேடியும் இல்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு விதி என்று போட்டுவிட்டீர்கள். எங்கள் ரெஜிமெண்டில் இப்படி ஒரு சாவு நடந்தால் விதி என்று ரிப்போர்ட் எழுத முடியாது."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இலக்கியம் தெரியாத மனிதர், கதையைப் பஞ்சாயத்து விசாரணை ஆக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக் கடிதத்தை ஒரு பழைய ஃபைலில் போட்டுவிட்டேன். பதில் எழுதவில்லை.

அந்த ஃபைலை நான் மறுபடி தேடி எடுத்தது 2021ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில். அமெரிக்காவில் ஒரு சினிமாப் படப்பிடிப்பில் நடந்த சம்பவத்தைப் பேப்பரில் படித்த அன்று.

அதைப் பலரும் படித்திருப்பீர்கள். நியூ மெக்ஸிகோ மாகாணத்தில், சாண்டா ஃபே நகருக்கு அருகே ஒரு பண்ணை. மேற்கத்திய 'கௌபாய்' படங்கள் எடுப்பதற்கென்றே அங்கே பழைய ஊர் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். 'ரஸ்ட்' என்ற படத்துக்காக, மரத்தால் கட்டிய மாதா கோவில் செட்டில் ஒத்திகை நடந்தது. கதாநாயகனாகவும் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்த அலெக் பால்ட்வின், உறையிலிருந்து ரிவால்வரை உருவிக் காமிராவின் பக்கம் நீட்டிப் பழகிக்கொண்டிருந்தார். அது வெடித்தது. காமிராவுக்குப் பக்கத்தில் நின்ற ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் என்ற 42 வயதுப் பெண்மணியின் உடம்பில் பாய்ந்து வெளியேறிய குண்டு, பின்னால் இருந்த டைரக்டர் ஜோயல் சூஸாவின் தோளில் தைத்தது. அந்த அம்மாள் இறந்துபோனார். டைரக்டர் பிழைத்தார். அன்று தேதி அக்டோபர் 21.

துப்பாக்கியை நடிகர் கையில் கொடுக்கும்போது உதவி டைரக்டர், "கோல்ட் கன்!" என்று குரல் கொடுத்தார். 'ஆறிய துப்பாக்கி, உள்ளே வெடிக்கக் கூடியது எதுவும் இல்லை' என்று அதற்குப் பொருள். அந்தத் தொழிலில் அது ஒரு மந்திரம் மாதிரி. அந்தக் குரல் கேட்டால் எல்லோரும் நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம் என்பது சம்பிரதாயம்.

இந்தச் சம்பிரதாயத்தைத்தான் இங்கே விமர்சனம் செய்யப் போகிறேன். நாவல் எழுதுகிறவனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. மேடையிலோ திரையிலோ காகிதத்திலோ கதை சொல்கிற எங்கள் வர்க்கம்தான், துப்பாக்கி என்பது ஒரு பொம்மை, ஒரு குறியீடு, ஒரு சௌகரியம் என்று ஜனங்களைப் பழக்கி வைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்திலே என் பங்கும் உண்டு.

முதலில் சம்பிரதாயத்தின் கட்சியை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அது முட்டாள்தனம் அல்ல.

ரிவால்வரின் சுழலும் உருளையில் தோட்டாக்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும். எதிரே இருந்து பார்த்தால் அவற்றின் முனை தெரியும். காமிரா அருகில் வந்தால், உருளை காலியாக இருப்பதைப் படம் பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் 'டம்மி' என்ற போலித் தோட்டாக்களைப் போடுகிறார்கள். அச்சு அசல் தோட்டா மாதிரியே இருக்கும். உள்ளே மருந்து இருக்காது. அசலையும் போலியையும் பிரித்தறிய வழிகள் உண்டு. சிலவற்றின் பக்கத்தில் ஒரு துளை போட்டிருப்பார்கள். சிலவற்றின் உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டுமணி இருக்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் சலசலக்கும். இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பதற்கென்றே ஆயுதப் பொறுப்பாளர் ஒருவர் படப்பிடிப்பில் இருக்கிறார்.

தொழில்காரர்கள் சொல்கிறார்கள்: "நடிகருக்கு இது தெரியாது. தெரியாதவர் துப்பாக்கியைத் திறந்து நோண்டினால் ஆபத்து அதிகமாகும். அவர் தொட்டபிறகு நாங்கள் மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். அவரவர் வேலையை அவரவர் செய்வதே பத்திரம்." அமெரிக்க நடிகர் சங்கமே 2023இல், ஆயுத நிபுணராக இருப்பது நடிகரின் வேலை அல்ல என்ற கருத்தில் அறிக்கை விட்டது. ரயிலில் ஏறுகிற நாம் பிரேக்கைச் சோதித்துவிட்டா ஏறுகிறோம்? பிறர் சொல்லை நம்பாமல் உலகத்தில் எந்தக் கூட்டுக் காரியமும் நடக்காது. இது ஒரு கட்சி.

ஜாக்கிரதையின் கட்சி வேறு. துப்பாக்கி சுடுகிறவர்களுக்குப் பாலபாடமாக நான்கு விதிகள் உண்டு. ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் அவற்றை ஒழுங்குபடுத்திப் பிரபலப்படுத்தினார். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் மேலும் அதன் வாயைத் திருப்பாதே. குறி வைக்கும் வரையில் விரலை விசையில் வைக்காதே. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இவ்வளவுதான். இந்த நான்கில் ஒன்றாவது, "யாராவது காலி என்று சொன்னால் நம்பு" என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கையில் வைத்திருப்பவன்தான் பொறுப்பாளி. அவன் அந்தப் பொறுப்பை இன்னொருவர் தலையில் இறக்கி வைக்க முடியாது.

சினிமாக்காரர்கள் இதை அறியாதவர்களும் அல்ல. அவர்களுடைய முதலாளிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து அமைத்த பாதுகாப்புக் கமிட்டி வெளியிட்ட சுற்றறிக்கைகளில் முதல் இலக்கம் கொண்டதே துப்பாக்கியைப் பற்றியதுதான். எல்லாத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே பாவிக்க வேண்டும், நிஜத் தோட்டா படப்பிடிப்புத் தளத்துக்குள்ளே வரவே கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஆகவே எழுத்தில் இருந்தது ஜாக்கிரதை; நடப்பில் இருந்தது சம்பிரதாயம். நம் ஊரில் 'குடி குடியைக் கெடுக்கும்' என்று பாட்டிலிலேயே அச்சடித்து விற்றோமே, அந்தக் கதைதான்.

அதற்கு முன்பே இரண்டு சாவுகள் நடந்திருந்தன. 1984 அக்டோபரில் ஜான்-எரிக் ஹெக்ஸம் என்ற 26 வயது நடிகர், ஒரு டெலிவிஷன் தொடரின் செட்டில் காத்திருந்து சலித்துப்போய், கைத்துப்பாக்கியைத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து விளையாட்டாக விசையை இழுத்தார். உள்ளே இருந்தது குண்டில்லாத வெற்றுத் தோட்டா. குண்டு இல்லையே தவிர மருந்து இருந்தது. அது வெடித்த வேகமே மண்டை ஓட்டை உடைத்துவிட்டது. சில நாட்களில் அவர் இறந்தார்.

இரண்டாவது, 1993 மார்ச் 31. புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ, 28 வயது. 'தி க்ரோ' என்ற படம். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு காட்சிக்காக நிஜத் தோட்டாவிலிருந்து மருந்தை மட்டும் கொட்டிவிட்டுப் போலித் தோட்டா தயாரித்தார்கள். ஆனால் அடியில் இருக்கும் சிறிய பற்றவைப்பான் அப்படியே உயிரோடு இருந்தது. யாரோ விசையை இழுத்தபோது அந்தச் சின்னப் பொறியின் உந்தலில் ஈயக் குண்டு குழலுக்குள்ளே பாதி வழி போய்ச் சிக்கிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு வேறொரு காட்சிக்கு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவைப் போட்டார்கள். வெற்றுத் தோட்டாவில் மருந்து உண்டு, குண்டு இல்லை. குழலில் குண்டு உண்டு, மருந்து இல்லை. இரண்டும் சேர்ந்தால் என்ன? ஒரு முழுத் துப்பாக்கி. சுட்ட நடிகருக்குத் தான் சுடுகிறோம் என்பதே தெரியாது.

இந்தச் சம்பவத்தைக் கதையாக எழுதினால், "எவ்வளவு பொருத்தமாக விதி முடிச்சுப் போடுகிறது!" என்று நாங்கள் பரவசப்படுவோம். ஆனால் குழலுக்குள் ஒரு விளக்கைக் காட்டிப் பார்த்திருந்தால் விதி அங்கேயே அம்பலப்பட்டிருக்கும். அரை நிமிஷ வேலை.

இனி எங்கள் வர்க்கத்துக்கு வருகிறேன்.

நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் செகாவின் பெயரைச் சொல்லி ஒரு சூத்திரம் சொல்வார்கள்: முதல் அங்கத்தில் சுவரில் துப்பாக்கி தொங்கினால் பின்னால் அது வெடித்தாக வேண்டும். கதையில் வீண் பொருள் வைக்காதே என்பதே அவர் உத்தேசித்த பொருள். அதை நாங்கள் எப்படிப் புரிந்துகொண்டோம்? துப்பாக்கி என்றால் வெடிக்கத்தான் வேண்டும், வெடிப்பதுதான் அதன் கலைத் தர்மம் என்று புரிந்துகொண்டோம். செகாவின் நாடகங்கள் சிலவற்றைப் பார்த்தால் வேறு ஒன்று புலப்படுகிறது. 1896இல் மேடையேறிய 'கடற்பறவை'யில் இளைஞன் திரைக்குப் பின்னால் தன்னையே சுட்டுக்கொள்கிறான். 'வான்யா மாமா'வில் துப்பாக்கி வெடிக்கிறது, ஆனால் குறி தவறிவிடுகிறது. 1904இல் வந்த கடைசி நாடகமான 'செர்ரித் தோட்ட'த்தில் ஒருத்தி தோளில் துப்பாக்கியோடு வருகிறாள், ஒருவன் தன்னிடம் ரிவால்வர் இருப்பதாகக் காட்டுகிறான். கடைசி வரையில் இரண்டுமே வெடிக்கவில்லை. அந்த மகா கலைஞன் தன் கடைசி நாடகத்தில் துப்பாக்கியை மௌனமாக்கியிருக்கிறான். அவனுடைய சூத்திரத்தைப் பிடித்துக்கொண்ட நாங்கள் அவனுடைய முதிர்ச்சியைப் பிடிக்கவில்லை.

இப்ஸனின் 'ஹெட்டா காப்ளர்' 1890இல் வெளிவந்தது. ஹெட்டா ஒரு ஜெனரலின் மகள். அப்பாவிடமிருந்து வந்த ஆஸ்தி ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கி. பரம்பரைச் சொத்து! முதல் அங்கத்தின் முடிவில் அவள் அவற்றைப் பற்றிப் பேசிவிட்டுப் போகும்போது, அவளுடைய அப்பாவிப் புருஷன் டெஸ்மன் அந்த ஆபத்தான சாமான்களைத் தொடாதே என்று கெஞ்சிக்கொண்டு பின்னால் ஓடுகிறான். இந்த இடத்தில் சபை சிரிக்கும். அடுத்த அங்கம் தொடங்கும்போது, தோட்டத்து வழியாக வருகிற நீதிபதியின் பக்கம் அவள் வேடிக்கையாகச் சுடுகிறாள். அதற்கும் சிரிப்பு வரும். நாடகம் முடிவதற்குள் அந்த ஜோடியில் ஒன்று அவளுடைய பழைய நண்பனின் வயிற்றிலும், மற்றொன்று அவளுடைய நெற்றிப் பொட்டிலும் வெடித்துவிடுகின்றன.

நான் இந்த நாடகத்தைப் பல தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஹெட்டாவின் அகங்காரத்தையும் சலிப்பையும் அழகுணர்ச்சியையும் பற்றியே யோசித்தேன். டெஸ்மனைப் பற்றி யோசித்ததே இல்லை. அவன் ஒரு கோமாளி. செருப்பையும் அத்தைமார்களையும் பற்றிக் கவலைப்படுகிறவன். ஆனால் அந்த வீட்டில் துப்பாக்கியைப் பற்றிச் சரியான ஒரு வார்த்தை சொன்ன ஆள் அவன் ஒருவன்தான். அவன் சொன்னதைச் சபை சிரிப்பில் மூழ்கடித்துவிடுகிறது. அந்தச் சிரிப்புக்குக் கணக்குத் தீர்ப்பதற்காகவே இப்ஸன் அவனைக் கோமாளியாகப் படைத்தாரோ என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கதைகளில் ஜாக்கிரதை என்ற குணம் யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கோழைக்கு, கிழவிக்கு, பயந்த புருஷனுக்கு, கணக்குப்பிள்ளைக்கு. கதாநாயகனுக்கு ஒருநாளும் இல்லை. நம் சினிமாவில் கதாநாயகன் துப்பாக்கியை விரலில் சுழற்றுகிறான். அதன் வாயால் முதுகைச் சொறிந்துகொள்கிறான். நண்பன் மார்பில் வைத்து வசனம் பேசுகிறான். "முதலில் திறந்து பார்க்கிறேன்" என்று சொல்கிற கதாநாயகனை நீங்கள் பார்த்ததுண்டா? நான் படைத்ததில்லை. காரணம் வெளிப்படை. திறந்து பார்த்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சம்பிரதாயத்தையும் ஜாக்கிரதையையும் ஜன்மப் பகையாளிகள் என்று நினைப்பதும் தப்பு. புஷ்கினின் 'யெவ்கெனி ஒனேகின்' காவியத்தில் ஒரு துவந்த யுத்தம் வருகிறது. ஒரு அற்பக் கோபத்துக்காக இரண்டு நண்பர்கள் கைத்துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கிறார்கள். ஒனேகினுக்கு மனசுக்குள் தன் தப்புத் தெரிகிறது. நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயத்தில் வாய் திறக்காமல் போய்ச் சுட்டுவிடுகிறான். இது சம்பிரதாயத்தின் கொடுமை என்று நாம் படிக்கிறோம். ஆனால் துவந்த யுத்தத்தின் சம்பிரதாயத்திலேயே, சுடுவதற்கு முன் இரு பக்கத்துச் சாட்சிகளும் சமாதானத்துக்கு முயல வேண்டும் என்று ஒரு கடமை உண்டு. கதையிலே வரும் ஸரேத்ஸ்கி என்ற சாட்சி, சட்டதிட்டங்களில் மகா கறாரான ஆசாமி. அந்த ஒரு கடமையை மட்டும் அவன் செய்யாமல் விட்டுவிடுகிறான். காவியத்தை எழுதிய புஷ்கினே 1837இல் துவந்த யுத்தத்தில் குண்டடி பட்டுத்தான் செத்தார்.

ஆகவே சம்பிரதாயத்துக்குள்ளேயே ஜாக்கிரதை ஓர் அங்கமாக இருக்கிறது. காலப்போக்கில் ஆடம்பரமான பகுதி நிற்கிறது, சலிப்பான பகுதி உதிர்ந்துவிடுகிறது. குரல் கொடுப்பது நிற்கிறது. திறந்து காட்டுவது உதிர்ந்துவிடுகிறது. 'ரஸ்ட்' படப்பிடிப்பில் நடந்தது அதுதான். தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சோதித்திருக்க வேண்டும், தான் அப்படிச் செய்யவில்லை என்று உதவி டைரக்டரே போலீஸாரிடம் ஒப்புக்கொண்டார். மந்திரம் சொல்லப்பட்டது, கிரியை நடக்கவில்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அதே செட்டில் துப்பாக்கி தவறுதலாக வெடித்திருந்தது. வேலை நிலைமை சரியில்லை என்று காமிராத் தொழிலாளர்கள் சிலர் அன்று காலையில்தான் வெளியேறியிருந்தார்கள். டெஸ்மன்கள் பேசாமல் இருக்கவில்லை, பேசிவிட்டுத்தான் போனார்கள்.

பிறகு வழக்குகள் நடந்தன. உதவி டைரக்டர், ஆயுதத்தை அஜாக்கிரதையாகக் கையாண்ட குற்றத்தை மறுக்காமல் ஏற்று, ஆறு மாத நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார். ஆயுதப் பொறுப்பாளரான இளம்பெண் 2024 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டு, ஏப்ரலில் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பால்ட்வின் மேல் தொடுத்த வழக்கு, அரசுத் தரப்பு ஒரு தடயத்தை எதிர்த் தரப்புக்குக் காட்டாமல் மறைத்தது என்ற காரணத்தால், 2024 ஜூலை 12 அன்று தள்ளுபடியாகிவிட்டது. தாம் விசையை இழுக்கவே இல்லை என்று அவர் சொன்னார். இழுக்காமல் வெடிக்காது என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். அந்த வழக்கை நான் இங்கே திரும்ப நடத்தப் போவதில்லை. கையில் பிடித்தவனுக்கு எவ்வளவு பொறுப்பு என்ற கேள்விக்கு ஜூரிகள் பதில் சொல்லும் சந்தர்ப்பமே வரவில்லை என்பது மட்டும்தான் எனக்கு முக்கியம். அந்தக் கேள்வி நம்மிடம் வந்து நிற்கிறது.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். பொறுப்பைச் சொத்து மாதிரிப் பாகம் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் சிறுத்துக்கொண்டே போகும். மூன்று பேர் சோதிக்க வேண்டும் என்றால், மற்ற இரண்டு பேர் சோதித்திருப்பார்கள் என்று மூவரும் நினைப்பார்கள். பொறுப்பு அப்படிப் பிரிவது அல்ல. ஒரு திரியிலிருந்து இன்னொரு திரியை ஏற்றினால் முதல் விளக்கு அணைவதில்லையே, அதுபோல ஒவ்வொருவரிடமும் முழுசாக இருப்பது. நடிகர் நிபுணராக வேண்டாம். நிபுணர் தம் கண்ணெதிரே துப்பாக்கியைத் திறந்து, ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துக் குலுக்கிக் காட்டும் வரையில் அதை வாங்க மாட்டேன் என்று நின்றால் போதும். ஜார்ஜ் குளூனி என்ற நடிகர், அந்தச் சாவுக்குப் பிறகு சில வாரங்களில், துப்பாக்கி தம் கைக்கு வரும்போதெல்லாம் தாமே திறந்து பார்த்து, எதிரே நிற்பவருக்கும் காட்டுவது தம் வழக்கம் என்று சொன்னார். ஆக, அந்த ஊரிலேயே அப்படி ஒரு வழக்கமும் இருக்கத்தான் செய்தது. அதற்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். அந்த நிமிஷத்துக்குச் சினிமாவில் விலை அதிகம் என்பதுதான் தகராறு.

'ரஸ்ட்' படத்தை 2023இல் மொண்டானா மாகாணத்தில் தொடர்ந்து எடுத்து முடித்தார்கள். இந்தத் தடவை வேலை செய்கிற துப்பாக்கியோ எந்த விதமான தோட்டாவோ கூடாது என்று தடை போட்டுக்கொண்டார்கள். படம் முடிந்தது, 2024 நவம்பரில் போலந்தில் நடந்த ஒளிப்பதிவுத் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டினார்கள், 2025இல் வெளியிட்டார்கள். மாறவே முடியாது என்ற ஒரு சம்பிரதாயம், ஒரு தாய் செத்த பிறகு ஒரே உத்தரவில் மாறியது. துப்பாக்கிகள் திரையில் வெடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. யாருக்கும் குறை தெரியவில்லை.

படத்தின் கதை என்ன தெரியுமா? 1880களில், தாய் தகப்பன் இல்லாத ஒரு பதின்மூன்று வயதுப் பையன் கைத்தவறுதலாக ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். தூக்குத் தண்டனை விதிக்கிறார்கள். சட்டத்துக்குத் தப்பி வாழும் தாத்தா வந்து அவனைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறார். தாத்தாவாக நடிப்பவர் பால்ட்வின். கைத்தவறுதலைப் பற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கே தங்கள் கையில் இருந்தது கதை அல்ல என்று தோன்றவில்லை. படத்தில் அகன்ற வானமும், வாசற்படிக்குள்ளிருந்து பார்க்கும் அந்தி வெளிச்சமும் வரும் இடங்களில், இதில் எது அந்த அம்மாளின் கண் பார்த்தது என்றுதான் என் மனம் தேடிக்கொண்டிருந்தது. கதையில் மனம் ஒட்டவில்லை. அதைப் படத்தின் குறை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நம் நாட்டிலும் இந்தத் தகராறு இல்லாமல் இல்லை. வட மாநிலங்களில் கல்யாண ஊர்வலத்தில் மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுடுகிற வழக்கம் பல உயிர்களைக் குடித்து, கடைசியில் 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று விதிக்க வேண்டியதாயிற்று. மேலே போன குண்டு கீழே வந்தாக வேண்டும் என்பது அந்த மாப்பிள்ளை வீட்டார் அறியாத விஞ்ஞானம் அல்ல. சந்தோஷத்தின் நடுவே அதைச் சொல்கிறவன் அபசகுனம் பிடித்தவன் ஆகிவிடுகிறான். அவ்வளவுதான்.

கடைசியாக, நான் எழுதிய அந்தக் கதை. அதில் நான் ஒன்றை மறைத்தேன். சுபேதார் அதைத் தொட்டுவிட்டார் என்பதால்தான் எனக்கு அத்தனை எரிச்சல் வந்தது என்று இப்போது தெரிகிறது.

அந்தத் துப்பாக்கி எங்கள் தாத்தாவின் துப்பாக்கி. வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கும் என்பதற்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். ஆயுத பூஜையன்று அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, அரிவாள் கடப்பாரைகளுக்கு நடுவே சாய்த்து வைப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. குழந்தைகள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். குழலின் வாய் எங்கள் பக்கம் இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற என் அம்மா அப்பாவிடம் மெதுவாக, "மாமாவை ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்களேன்" என்றாள். தாத்தா காதில் விழுந்துவிட்டது. "பூஜையில் வைத்ததைத் தொடுவதா? நாற்பது வருஷமாக வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா?" என்றார். பெரியம்மா சிரித்தாள். "பட்டணத்துப் பெண் பயப்படுகிறாள்" என்று யாரோ சொன்னார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, பால் குடிக்க வா என்று கூப்பிட்டு, குழந்தைகளை ஒவ்வொருவராக அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டாள்.

மறுநாள் தாத்தா துப்பாக்கியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் மடக்கித் திறந்தார். நான் பின்னால் நின்றேன். இடது குழலில் ஒரு தோட்டா இருந்தது. அதை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அவர் கை நடுங்கியது. என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நிஜத்தில் யாரும் சாகவில்லை. கதையில் ஒரு குழந்தையைக் கொன்றேன்; அது கதாசிரியனுக்கு அனுமதிக்கப்பட்ட காரியம். அனுமதிக்கப்படாத காரியம் ஒன்று செய்தேன். என் அம்மாவின் அந்த வாக்கியத்தை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அது இருந்தால் விதி நிற்காது என்று எனக்குத் தெரியும். ஒருத்தி சொன்னாள், ஒருவர் கேட்கவில்லை என்று ஆகிவிட்டால் கிரேக்க நாடகம் போய்விடும். ஒரு வீட்டுத் தப்பு மட்டும்தான் மிஞ்சும். தாத்தாவைக் காப்பாற்றினேன், கதையைக் காப்பாற்றினேன், அம்மாவை மட்டும் இரண்டாம் தடவையும் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன்.

என் சிறுகதைகள் தொகுதியாக வந்தபோது அந்த வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்தேன். கடைசி வரியில் இருந்த 'விதி'யை எடுத்துவிட்டேன். பழைய நண்பர் படித்துவிட்டு, "கதையின் கம்பீரம் குறைந்துவிட்டதே" என்றார். குறைந்துதான் இருக்கிறது. புத்தகத்தின் ஒரு பிரதியைச் சுபேதாருக்கு அனுப்பினேன். ஒரு கார்டில் இரண்டே வரி பதில் வந்தது: "புத்தகம் கிடைத்தது. இப்போது ரிப்போர்ட் சரியாக இருக்கிறது."